அங்கிருந்து வழி சொன்னவன்

என் மாப்பிள்ளையிடம் வழி கேட்டு, ஒழுங்காக வந்து சேர்ந்தவர் எவரும் கிடையாது. இதை அவன் முகத்துக்கு நேராகவே பல தடவை சொல்லியிருக்கிறேன். அதனால் இப்போது சொல்லவும் எனக்குத் தயக்கம் இல்லை.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் புருஷன். அவர்கள் வீடு தையல்கடைக்கு மேலே, இரண்டே அறை, பின்பக்கம் துணி காயப்போட ஒரு சின்ன இடம். சமையல் காஸ் கொண்டுவருகிறவர் போன் செய்வார். "பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன், உங்க வீட்டுக்கு எப்படி வரணும்?" இவன் வெகு சிரத்தையாக ஆரம்பிப்பான். "நம்ம படியில இறங்கி இடது பக்கம் போங்க. மருந்துக்கடை வரும். அங்க வலது பக்கம் திரும்பி நேரா போனா பஸ் ஸ்டாண்டு."

"யோவ், நான் பஸ் ஸ்டாண்டுலதான்யா நிக்கிறேன்!"

"அதான், அங்கதான் வந்து சேரும்" என்பான் இவன், ஏதோ பெரிய உதவி செய்துவிட்டவனைப் போல. என் தங்கை அடுப்படியிலிருந்து ஓடிவந்து போனைப் பிடுங்கி, தலைகீழாக இருந்ததை நேராக்கிச் சொல்லுவாள். அவர் வந்து சேருவார். வாரத்துக்கு ஒருமுறையாவது அந்த வீட்டில் இந்தக் கூத்து நடக்கும்.

கிறுக்கன் இல்லை, நல்ல புத்திசாலி. வழி என்று வந்தால் மட்டும் தான் நிற்கிற இடத்திலிருந்துதான் அவனால் புறப்பட முடியும். கேட்கிறவன் எங்கே நிற்கிறான் என்பது அவன் மண்டையில் ஏறவே ஏறாது. நான் ஜீப் ஓட்டுகிறவன், என் புத்திக்கு எட்டிய பெயரை வைத்தேன்: ரிவர்ஸ் கியர். ஆபீஸ் முழுக்க அதுவே நிலைத்துவிட்டது. சம்பளம் கொடுக்கிறவர்கூட "ரிவர்ஸைக் கூப்பிடு" என்பார்.

எங்கள் மூன்று பேருக்கும் சோறு போட்டது காடுதான். வெட்டுகிற வேலை இல்லை, எடை போடுகிற வேலை. சிரிக்காதீர்கள், நானும் முதலில் சிரித்தவன்தான். ஒரு காட்டில் தண்டு, கிளை, இலை எல்லாம் சேர்த்து எத்தனை டன் இருக்கிறது என்று கணக்குச் சொல்வதற்கு ஒரு ஆபீஸ். விமானம் ஒன்று காட்டின் மேலே பறந்து லேசர் ஒளியைக் கீழே அடித்துக்கொண்டே போகும். சில கதிர்கள் இலை நுனியில் பட்டுத் திரும்பும், சில இடுக்கில் நுழைந்து தரையைத் தொட்டுத் திரும்பும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மரத்தின் உயரம். சரி, உயரம் தெரிந்தால் எடை தெரிந்துவிடுமா? நெட்டையாக வளர்ந்தவனெல்லாம் கனமாகவா இருக்கிறான்? அதற்குத்தான் தரையில் ஆள் வேண்டியிருக்கிறது. காட்டுக்குள் அங்கங்கே நடுவில் ஒரு குச்சி நட்டு, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, வட்டத்துக்குள் நிற்கிற மரங்களை நெஞ்சு உயரத்தில் டேப்பால் சுற்றி அளப்பார்கள். அதிலிருந்து அந்த வட்டத்தின் எடை வரும். பிறகு அதே வட்டத்தை லேசர் படத்தில் கண்டுபிடித்து, இப்படி இருந்தால் இவ்வளவு எடை என்று கணினிக்குப் பழக்குவார்கள். பழகிவிட்டால் அது மொத்தக் காட்டுக்கும் எடை சொல்லிவிடும்.

இதில் உயிர்நாடி, வட்டம் எங்கே இருக்கிறது என்பதுதான். இடம் மாறிப்போனால், ஒருத்தன் தலையை இன்னொருத்தன் கழுத்தில் ஒட்டின கதைதான். ஆனால் அடர்ந்த காட்டுக்குள் ஜி.பி.எஸ். கருவிக்கு வானமே தெரியாது. அதனால் மரம் விழுந்து வெளிச்சம் வருகிற இடமாகப் பார்த்து, அங்கே முக்காலியில் கருவியை நிறுத்துவார்கள். அங்கிருந்து நடுக்குச்சி எந்தத் திசையில், எத்தனை மீட்டர் என்று மட்டும் எழுதுவார்கள். 'தெற்கு, நாற்பது' என்றால் கருவியிலிருந்து தெற்கே நாற்பது மீட்டர் போனால் குச்சி. எல்லாக் குழுவும் அப்படித்தான் எழுதும், ரேடியோவிலும் அப்படித்தான் பேசும்.

மாப்பிள்ளை ஒரு குழுவுக்குத் தலைவன். என் தங்கை ஆபீஸில், கணினி முன்னால். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்கு இவனைக் கண்டாலே ஆகாது. எல்லாக் குழுவின் வட்டங்களும் படத்தோடு பொருந்தும், இவன் வட்டம் மட்டும் எங்கேயோ போய் நிற்கும். படத்தில் குட்டையான புதர் தெரியும், இவன் தாளில் ராட்சச மரம் இருக்கும். கூப்பிட்டுக் கத்தியிருக்கிறாள். அவன் பாவம், திருதிருவென்று விழித்துவிட்டு, "டீக்கடையில உட்கார்ந்து பொறுமையா பேசலாமே, மேடம்" என்று சொல்லி முன்னால் போய், டீக்கடையிலிருந்து போனில் வழியும் சொல்லியிருக்கிறான். அவ்வளவுதான். அவள் நடந்து நடந்து லாரி ஷெட்டு வாசலில் போய் நின்றாள். டீக்கடையில் இவன் இரண்டு டீயை வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டையும் தானே குடித்திருக்கிறான்.

அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்து ஆடிய ஆட்டம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "அண்ணா, அந்தாளு மனுஷனே இல்ல!" என்றாள். மறுநாள் சாயங்காலம் கோபம் போன இடம் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவன் வட்டங்களும் படத்தோடு கச்சிதமாகப் பொருந்த ஆரம்பித்துவிட்டன. ஆபீசர் அவனை எல்லார் முன்னாலும் பாராட்டினார். அடுத்த வருஷம் கல்யாணம். பாதி உறவுக்காரர்கள் மண்டபத்துக்கு வழி தெரியாமல் தாமதமாக வந்து சேர்ந்தார்கள். வழி சொன்னது யார் என்று கேட்காதீர்கள்.

நல்ல புருஷன். காலையில் அவளுடைய ஆபீஸ் உடுப்பை அவன்தான் இஸ்திரி போட்டு நாற்காலி முதுகில் மாட்டி வைப்பான். எதைப் பார்த்தாலும் எடை சொல்லுவான். "மச்சான், இந்த மரத்தோட கீழ்க்கிளை மட்டும் உங்க ஜீப்பு கனம் இருக்கும்" என்பான். "உன் வாய் அதைவிடக் கனம்டா" என்பேன் நான். குழந்தை இல்லை அவர்களுக்கு. இருவரும் ஒருவரையொருவர் குழந்தையாக வைத்துக்கொண்டார்கள் என்றுதான் நான் நினைத்துக்கொள்வேன்.

இனிமேல் சொல்லப்போவதைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

மழைக்காலம் தொடங்குகிற நேரம். வேலை எல்லாம் முடிந்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம். ஆபீசருக்குத் திடீரென்று ஒரு ஞானோதயம். லேசர் படத்தின் ஒரு மூலையில் எங்கேயும் இல்லாத உயரத்துக்கு மரங்கள் நிற்கின்றன, அங்கே ஒரு வட்டம்கூட இல்லை, அது இல்லாமல் கணக்கு நிற்காது என்றார். "இடத்தை நீயே பார்த்துப் போட்டுக்கோ, ரிவர்ஸ். பெரிய மரமா இருந்தா போதும்." அவருக்கென்ன, வாய் வார்த்தைதானே! என் தங்கை அந்த வாரம் தலைமை ஆபீஸுக்குப் போயிருந்தாள், பஸ்ஸில் போனால் ஒரு பகல் ஒரு இரவு ஆகிற ஊர். அவள் இருந்திருந்தால் கட்டாயம் சண்டை போட்டிருப்பாள்.

மாப்பிள்ளையும் இலைக்காரரும் போனார்கள். இலைக்காரர் என்பவர் குழுவில் மரங்களுக்குப் பெயர் சொல்லுகிறவர், இலையைக் கசக்கி முகர்ந்தே சொல்லிவிடுவார். நான் அவர்களைக் காட்டுச் சாலையில் இறக்கிவிட்டு ஜீப்பில் காத்திருந்தேன். உச்சிவேளைக்கு முன்னாலேயே இருவரும் திரும்பிவந்தார்கள். இலைக்காரருக்குக் கொதிக்கிற காய்ச்சல், நிற்க முடியவில்லை. மாப்பிள்ளை அவரைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்தான். வானம் தெரிகிற இடத்தில் கருவியை நிறுத்தியாகிவிட்டதாம், வட்டம் போடுவதற்கு முன்னாலேயே இவர் சுருண்டுவிட்டாராம்.

"நீங்க இவரைக் கொண்டுபோய் விட்டுட்டு வாங்க மச்சான். அதுக்குள்ள நான் முடிச்சிடுறேன்."

"தனியாவா? விதி என்ன சொல்லுது? யாரும் தனியா உள்ள போகக்கூடாது. வண்டியில ஏறு."

"நாளைக்கு மழை பிடிச்சுக்கிட்டா ஒரு மாசத்துக்கு உள்ள கால் வைக்க முடியாது. பெரிய மரம், ஏழோ எட்டோதான் இருக்கும். நீங்க வரும்போது ரோட்டுல நிக்கிறேன், பாருங்க."

"உன்கிட்ட பேசி ஜெயிக்க முடியுமா. ரோட்டுல நிக்கலைன்னா காலை உடைச்சுடுவேன்" என்றேன். எந்த நேரத்தில் அந்த வார்த்தை வாயில் வந்ததோ! சிரித்துக்கொண்டே ரேடியோவை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனான். முதுகுப் பை ஒருபக்கம் சரிந்திருந்தது. அதுதான் நான் அவனைக் கடைசியாகப் பார்த்தது.

இலைக்காரரைக் காட்டோரத்தில் எங்கள் முகாமில் விட்டுவிட்டு நான் திரும்புவதற்குள் மழை கொட்டித் தீர்த்துவிட்டது. பாதி வழியில் சின்னப் பாலம் ஒன்று, அதை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. இந்தக் கரையில் நானும் ஜீப்பும், அந்தக் கரையில் அவன். இறங்கிப் பார்த்தேன், இடுப்புவரை போனதும் இழுத்தது. முகாமுக்கே திரும்பினேன்.

முகாம் ரேடியோ அறையில் ஒரு மேசை, ஒரு பெட்டி, ஈரத் துணி வாடை. ரேடியோக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அப்போதுதான் பேசியிருக்கிறான். காற்றில் கிளை முறிந்து காலின் மேல் விழுந்துவிட்டது, நகர முடியவில்லை, ரத்தம் போகிறது. "எங்க இருக்கீங்க?" என்று இவர் கேட்டதற்கு, "வடகிழக்கு, இருநூறு" என்று சொல்லியிருக்கிறான். மறுபடி கேட்டதற்கும் அதையேதான். பிறகு ரேடியோ செத்துவிட்டது.

கருவி எங்கே இருக்கிறது என்பது இலைக்காரருக்குத் தெரியும், முக்காலியில் சிவப்புத் துணி கட்டியிருந்ததாகவும் சொன்னார். அங்கிருந்து வடகிழக்கே இருநூறு மீட்டர். இதைவிடத் தெளிவாக யார் சொல்லமுடியும்? பொழுது விடிந்ததும் ஆபீசர், காட்டுக் காவலர்கள், நான், எல்லாரும் மேல்வழியாகச் சுற்றி நடந்தே போனோம். கருவி கிடைத்தது. சிவப்புத் துணி நனைந்து ஒட்டிக்கிடந்தது. வடகிழக்கே மேடு, மூங்கில் புதர், கத்தி வைத்து வெட்டினால்தான் ஆள் நுழைய முடியும். காலடி ஒன்றுகூட இல்லை, எல்லாவற்றையும் மழை கழுவிவிட்டது. இருநூறு போனோம், முந்நூறு போனோம், ஐந்நூறு போனோம். "வலியில தூரம் குறைச்சுச் சொல்லியிருப்பார்" என்றார் ஆபீசர். தொண்டை கிழியக் கத்தினேன். "மாப்பிள்ளை! டேய், மாப்பிள்ளை!" பதிலுக்கு மழைதான். ஒரு காவலர் எதிர்ப்பக்கம் கொஞ்சம் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே பள்ளமும் ஓடையும்தான், ஓடையின் இரைச்சலில் சொந்தக் குரலே காதில் விழவில்லை என்றார்.

என் தங்கைக்கு என்ன பதில் சொல்வேன் என்பதே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாளும் காலையிலிருந்து அதே மூங்கில், அதே கூச்சல். நண்பகலுக்குச் சற்று முன்னால் ஆபீசர் என்னைக் கூப்பிட்டு, அவள் பஸ் வந்துகொண்டிருக்கிறது, நீ போய்க் கூட்டிக்கொண்டு வா என்றார்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியவள் என்னைப் பார்த்ததும் ஓடிவந்தாள். அழவில்லை. ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கிடைச்சாராண்ணா?"

"இன்னும் இல்ல. தேடுறாங்கம்மா. அம்பது பேர் தேடுறாங்க. கிடைச்சுடுவான்."

"எங்க தேடுறாங்க?"

"கருவிக்கு வடகிழக்குல. ஒரு இடம் விடல."

"ஏன் வடகிழக்கு?"

"அவன்தான் சொன்னான். ரேடியோவுல. வடகிழக்கு, இருநூறுன்னு."

அவள் என் பக்கம் திரும்பினாள். ஐயோ, அந்த முகத்தை நான் மறக்கவேண்டும் என்று தினமும் நினைக்கிறேன்.

"அவரே சொன்னாரா? அவர் வாயால?"

"ஆமாம்மா."

"அப்ப அவர் அங்க இல்லண்ணா! ஐயோ, அவர் அங்க இல்ல! அவர் இருக்கிற எடத்துலேருந்து கருவி வடகிழக்குல இருக்கு. அவர் தென்மேற்குல கிடக்கிறாரு. பள்ளத்துல! வண்டிய ஓட்டுண்ணா, ஓட்டு!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அது காஸ்காரனுக்கு வழி சொல்றதும்மா, இது வேலை. அவன் போட்ட வட்டம் எல்லாம் சரியாத்தானே..."

"சரியா இல்லண்ணா. ஒண்ணுகூட சரியா இல்ல. அந்த டீக்கடைக்குப் போய்த் தொலைஞ்சுபோன அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது. மறுநாள் அவர் எழுதின திசை எல்லாத்தையும் திருப்பிப் போட்டுப் பார்த்தேன், அத்தனையும் பொருந்துச்சு. சொன்னா வேலை போயிடும்னு நான் யாருக்கும் சொல்லல. அவர்கிட்டகூட சொல்லல. ஒவ்வொரு தடவையும் நானே மாத்திப் போட்டுட்டேன்."

மிதித்தேன். அந்தச் சாலையில் அப்படி நான் ஓட்டியதே இல்லை. செல்போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. ஜீப்பில் இருந்த ரேடியோ போன வருஷமே பழுதாகி, எடுத்துப்போனவர்கள் திருப்பித் தரவே இல்லை. இருந்த இடத்தில் ஓட்டை மட்டும் இருந்தது. அந்த ஓட்டையைப் பார்த்துப் பார்த்து நான் திட்டாத வார்த்தை இல்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "இருப்பாரு, இருப்பாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே வந்தாள்.

முகாமில் வண்டி நிற்பதற்கு முன்னாலேயே குதித்தாள். ரேடியோக்காரர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"சார், தென்மேற்குல பாருங்க. பள்ளத்துல, ஓடைப் பக்கம். இப்பவே போங்க."

கரகரவென்று ஆபீசர் குரல் வந்தது. "யாரு, நீயாம்மா? பதறாதே. வடகிழக்குன்னு அவரே தெளிவா சொல்லியிருக்காரு."

"அவர் எல்லாத்தையும் தலைகீழாத்தான் சார் சொல்லுவாரு. வட்டத்துல நின்னுக்கிட்டு கருவி எங்கன்னு சொல்லுவாரு."

"அப்படியெல்லாம் இல்லம்மா. நம்ம கிட்ட இருக்கிறதுலயே நல்லா பொருந்துறது அவரோட வட்டங்கள்தான்."

"பொருந்தலை சார்! நான் பொருத்தினேன்! அவர் வேலைக்குச் சேர்ந்ததுலேருந்து ஒண்ணு விடாம எல்லாத்தையும் நாந்தான் திருப்பிப் போட்டேன். என்னை வேலைய விட்டு அனுப்புங்க, என்ன வேணும்னாலும் பண்ணுங்க. உங்க கால்ல விழுறேன், அந்தப் பக்கம் போங்க சார்!"

பெட்டியில் வெறும் இரைச்சல். பிறகு, "போறோம்" என்றார். ஒரே வார்த்தை.

காத்திருந்தோம். அதைவிடக் கொடுமை இந்த உலகத்தில் இல்லை. ஓடலாம் என்றால் நாங்கள் போய்ச் சேருவதற்குள் அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். உட்காரலாம் என்றால் உடம்பு உட்கார மறுக்கிறது. ரேடியோக்காரர் நாற்காலியை விட்டு எழுந்து சுவரோரம் நின்றுகொண்டார். இலைக்காரர் போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். என் தங்கை அந்தப் பெட்டியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சாமி நம்பிக்கை பெரிதாகக் கிடையாது. அன்றைக்குத் தெரிந்த சாமி தெரியாத சாமி எல்லாரையும் கூப்பிட்டேன். கால் போனாலும் பரவாயில்லை, ஆளைக் கொடு என்று கெஞ்சினேன்.

பெட்டி கரகரத்தது. "கிடைச்சிட்டார்" என்றது ஒரு காவலரின் குரல்.

"உயிரோடவா?" என்று நான் கத்தினேன். "டேய், உயிரோடவாடா?"

வேறு குரல் வந்தது, ஆபீசர். அழுதுகொண்டிருந்தார். "உடம்புல இன்னும் சூடு இருக்கு" என்றார். அதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை. எங்களுக்கும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

சூடு இருக்கிறது என்றால் என்ன அர்த்தம் என்று என் தங்கைக்கு உடனே புரிந்துவிட்டது. முந்தின நாள் முழுக்க அவன் உயிரோடு இருந்திருக்கிறான். அன்று காலையிலும் இருந்திருக்கிறான். நாங்கள் மேட்டில் மூங்கிலை வெட்டிக்கொண்டு அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தபோது, கீழே ஓடையின் இரைச்சலில் அவனும் கத்தியிருப்பான். ரேடியோ நிற்பதற்குள் இடத்தைச் சொல்லிவிட்டோம், வந்துவிடுவார்கள் என்று நம்பிக்கொண்டு கிடந்திருப்பான்.

சாயங்காலம் கொண்டுவந்தார்கள். கிளையைத் தூக்க எட்டுப் பேர் வேண்டியிருந்ததாம். எத்தனை எடை என்று அவன் இருந்தால் சொல்லியிருப்பான். தொடையில், முழங்காலுக்கு மேலே, மரத்தை அளக்கிற டேப்பைச் சுற்றி, உள்ளே ஒரு குச்சியைக் கொடுத்து முறுக்கி இறுக்கக் கட்டியிருந்தான். ரத்தம் நிற்பதற்காக. நடுக்குச்சியைத்தான் பிடுங்கி அதற்கு வைத்திருக்கிறான். எவ்வளவு பாடுபட்டிருக்கிறான் பாவி, பிழைப்பதற்கு!

அதைப் பார்த்த பிறகுதான் அவள் உடைந்தாள். "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நான் அப்படியே விட்டிருந்தா, அன்னிக்கே மாட்டியிருப்பாருண்ணா. எல்லார் முன்னாலயும் திட்டு வாங்கியிருப்பாரு. ஊருக்கே தெரிஞ்சிருக்கும், ரிவர்ஸ் எதையும் திருப்பித்தான் சொல்லுவான்னு. நான் மூடி மூடி வச்சேன். நான் காப்பாத்துறேன்னு நெனச்சேன்ணா." பாலத்தைத் திட்டலாம், மழையைத் திட்டலாம், ஆபீசரைத் திட்டலாம். பாசத்தை எவன் திட்டுவான்? அவளைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

மறுநாள் தையல்கடைக்கு மேலே அந்த இரண்டு அறையிலும் ஆட்கள். படியெல்லாம் செருப்பு. கடைக்காரர் மிஷினை நிறுத்திவிட்டு நாற்காலிகளைத் தெருவில் போட்டிருந்தார். உள்ளே அவளுடைய ஆபீஸ் உடுப்பு ஒன்று, அவன் போவதற்கு முன்னால் இஸ்திரி போட்டது, நாற்காலி முதுகில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

போன் அடித்தது. அவனுடைய போன், காட்டில் சிக்னல் இல்லை என்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனது. மாப்பிள்ளையின் சித்தப்பா, தூரத்து ஊரிலிருந்து புறப்பட்டு வந்தவர், இதற்கு முன்னால் இந்த வீட்டைப் பார்க்காதவர். எடுக்கக் கை நீட்டினேன். அதற்குள் அவளே எடுத்துவிட்டாள். ஒலி கூடுதலாக வைத்திருந்ததால் அவர் பேசுவது அறை முழுக்கக் கேட்டது.

"பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன்மா. எப்படி வரணும்?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"நம்ம படியில இறங்கி இடது பக்கம் போங்க சித்தப்பா. மருந்துக்கடை வரும். அங்க வலது பக்கம் திரும்பி நேரா போனா பஸ் ஸ்டாண்டு."

"நான் பஸ் ஸ்டாண்டுலதாம்மா இருக்கேன்" என்றார் அவர், குழம்பிப்போய்.

"ஆமா சித்தப்பா. அங்கதான் வந்து சேரும்."

என் மனைவி போனை வாங்கு என்று எனக்குச் சைகை காட்டினாள். நான் வாங்கவில்லை. ஜீப் சாவியை எடுத்துக்கொண்டு, செருப்புகளுக்கு நடுவே என்னுடையதைத் தேடிப் போட்டுக்கொண்டு, படியில் இறங்கி இடது பக்கம் திரும்பினேன்.